திருகாணியில் கைவைக்க முன்

குத்தகைக் காணியில் வெங்காயம் நட்டிருக்கும் குடும்பத்துக்கு இறைப்பு இயந்திரம் ஒரு கிழமை நின்றால் பயிர் போய்விடும். பயிரோடு குத்தகைக் காசும் அடைவு வைத்த நகையும் போய்விடும். இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் தோட்டம் செய்பவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நாம் பல இடங்களிலும் காணும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த இயந்திரம், கயிற்றை இழுத்தால் இரண்டு தரம் வெடித்துவிட்டு நிற்கிறது. "மெசின் செத்துப்போச்சு" என்று யாரோ சொல்கிறார்கள். பழைய இரும்பு வாங்குபவர் படலையடிக்கு வந்துவிடுகிறார். புதியது வாங்கக் கடன் தேடத் தொடங்குகிறோம். இப்படி விற்கப்படும் இயந்திரங்களில் பல சாகவில்லை என்பதே எமது கருத்து. அவற்றின் காபரேற்றர் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

காபரேற்றர் என்பது எரிபொருளையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் உறுப்பு. அதன் அடியிலுள்ள கிண்ணத்தில் பெற்றோல் மாதக்கணக்கில் நின்றால் பிசின்போலக் கெட்டியாகி, ஜெற் எனப்படும் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடும். சுமையின்றி மெதுவாக ஓடும்போது எரிபொருள் செல்லும் துவாரம்தான் மிகச் சிறியது. ஆகவே அதுவே முதலில் அடைபடும். வேகத்தைக் கூட்டினால் ஓடும், குறைத்தால் நின்றுவிடும் என்றால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பெரும் பிழை விடுகிறார்கள். நின்றுபோகும் இயந்திரத்தை நிற்காமல் வைத்திருக்க, மெதுவோட்டத் திருகாணியை இறுக்கி வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். இது காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் போர்வையால் மூடுவது போன்றது. அழுக்கு உள்ளேயே இருக்கிறது. எரிபொருள் வீணாகிறது. 2022 ஓகஸ்ற்றில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியதை மறந்தவர் நம்மில் எவருமில்லை.

முறை இதுதான். எஞ்சின் ஆறிய பின், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்ட, வெளியில் வைத்து வேலை செய்யுங்கள். எரிபொருள் திறப்பை மூடுங்கள். முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் புழுதி அடைத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். பின்னர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, ஜெற்றுகளை எடுத்துச் சுத்தமான பெற்றோலில் ஊறவையுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்த வேண்டாம். துவாரம் மயிரிழை பெருத்தாலும் எஞ்சின் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். சைக்கிள் பம்பால் காற்றடித்தாலே பெரும்பாலும் போதும். கலவைத் திருகாணியைக் கழற்றுவதாயின், அது எத்தனை சுற்றில் நின்றது என்று முதலில் எண்ணி எழுதிவையுங்கள்.

எல்லாம் பூட்டிய பின்னரே வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பம்புக்குள் தண்ணீர் நிரப்பாமல் இயக்கினால் அதன் சீல் எரிந்துவிடும், கவனம். ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும், நிற்காமலும் இரையாமலும் சீராக ஓடும் இடத்தில் மெதுவோட்டத் திருகாணியை விடுங்கள். உயர்வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கைவைக்கவே கூடாது.

வாடகைக்கு வான், கார் ஓடுபவர்களுக்கும் இது பொருந்தும். புதிய வாகனங்களில் காபரேற்றர் இல்லை. காற்று நுழையும் வாயிலில் திரொட்டில் தகடு இருக்கிறது. அதன் விளிம்பில் எண்ணெய்ப் புகைக் கரி படிந்தால், சந்தியில் நிறுத்தும்போது எஞ்சின் நின்றுபோகும். அங்கும் அதற்குரிய திரவத்தால் துடைப்பதே முதல் வேலை. கம்பனி முத்திரையிட்ட திருகாணியைத் திருகக் கூடாது. மெதுவோட்டத்தை அங்கே கணினிதான் நிர்ணயிக்கிறது.

இது நமக்குத் தெரியாத வித்தையல்ல. 1990 இன் பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்தபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றரைக் கழற்றிப் பூட்டப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. தடை நீங்கியதும் அந்த அறிவையும் கைவிட்டுவிட்டோம்.

அதை மீட்க வேண்டும். சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு சாவிப் பெட்டியைப் பொதுவில் வைத்திருக்கலாம். பழகிய ஒருவர் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கலாம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களை இதில் முதலில் சேர்க்க வேண்டும். மெக்கானிக் வரும்வரை காத்திருப்பதால் அதிகம் இழப்பவர்கள் அவர்களே.

போகம் முடிந்து இயந்திரத்தை ஒதுக்கிவைக்கும்போது, திறப்பை மூடிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் வெறுமையாகும். பிசின் பிடிக்காது. அடுத்த போகத்தில் பழைய இரும்பு வாங்குபவர் படலையடிக்கு வந்தால், வெறுங்கையுடன் திரும்பிப் போகட்டும்.