பொக்கே வேண்டாம் என்போருக்கு

இலக்கியக் கூட்ட அழைப்பிதழ்களின் அடியில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது. பூங்கொத்து, பொன்னாடை தவிர்க்கவும், புத்தகம் வழங்கவும். 2017 ஜூனில் கொச்சியில் வாசிப்பு மாதத்தைத் தொடங்கிவைத்த பிரதமர் நரேந்திர மோடி, வரவேற்பில் பூங்கொத்துக்குப் பதிலாகப் புத்தகம் தரலாமென்றார். 2021-இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலினும் தம்மைச் சந்திக்க வருவோரிடம் ஏறத்தாழ அதையே கேட்டுக்கொண்டார். வேறெதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் பூவைக் கைவிடும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருப்பது கண்டு, சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் மகிழ்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறோம். நம் கட்சி வென்றுவிட்டதாக ஒரு நினைப்பு.

நாங்கள் அந்த வரியை எதிர்க்கிறோம். புத்தகத்தின் மீது எங்களுக்கு என்ன பகை இருக்க முடியும்? ஆனால் மேடையில் கைமாறும் புத்தகத்தின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். தருபவர் படித்திருக்க மாட்டார். பெறுபவரிடம் அது ஏற்கெனவே இரண்டு பிரதிகள் இருக்கும். பல சமயங்களில் அதை எழுதியவரே விழா அமைப்பாளராகவும் இருப்பார். புகைப்படம் எடுக்கும்வரை மார்போடு அணைக்கப்பட்டுப் பின்னர் காரின் பின்னிருக்கைக்குப் போகும் அந்தப் பண்டம் வாசிப்பை வளர்க்கிறதென்று நம்புவதற்கு ஒருவிதக் குழந்தைமை வேண்டும். புத்தகம் வாங்குங்கள், படியுங்கள், கடன் கொடுத்து ஏமாறுங்கள். அதற்காகப் பூவைத் துரத்த வேண்டிய அவசியம் என்ன?

பூ வாடிவிடும், காசு வீண் என்பது முதல் வாதம். வாடுவதை ஒரு குற்றமாகச் சொல்வதற்குத் தமிழில் எழுதுபவர் எவருக்கேனும் வாய் வருமா என்று யோசித்துப் பார்க்கிறோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்தியதைப் பெருமையோடு மேடைதோறும் சொல்கிறவர்கள் நாம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்குப் பெயரிட்டு, உதிர்ந்து வாடிய கடைசி நிலைக்கும் ஒரு பெயரை ஒதுக்கிய மொழி இது. அந்த மொழியின் எழுத்தாளருக்கு மரியாதை செய்யும் கூட்டத்தில், நாளை வாடும் என்பதற்காக ஒரு பொருள் தகுதி இழக்கிறதாம். விருந்துச் சாப்பாடும் நாளை இருக்காது. அதை யாரும் அழைப்பிதழில் தடைசெய்யக் காணோம்.

பூங்கொத்தால் சேரும் குப்பை குறித்த கவலை மட்டும் நியாயமானது. ஆனால் குப்பை பூவிலிருந்து வருவதில்லை. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாள், ஜிகினா நாடா, காம்புகளைக் குத்திவைக்கும் பச்சைப் பஞ்சு ஆகியவற்றிலிருந்து வருகிறது. 1950-களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த அந்தப் பஞ்சு மண்ணில் மக்காது, நுண்பிளாஸ்டிக்காகப் பொடிந்துபோகும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதை விலக்கியது, பூக்களை விலக்கவில்லை. காம்பைச் சேர்த்துப் பிடித்து நூலால் கட்டினால் போதும், நம்மூர்க் கைகளுக்கு அது தெரியாத வித்தையா?

இரண்டாவது தரப்பு வேறு மாதிரியானது. பூங்கொத்து மேலைநாட்டு இறக்குமதி, நம்முடையது சரமும் மாலையும் என்று பண்பாட்டுக் கொடி பிடிப்பவர்கள். செண்டு என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது என்று அவர்களுக்கு நினைவூட்டலாம். அவர்கள் தூய தமிழ்ப் பூவாக எண்ணி வாசலில் தோரணமிடும் செண்டுமல்லியும், மாலைக்கு உடல்தரும் சம்பங்கியும் மெக்ஸிகோவிலிருந்து வந்தவை என்று சொல்லிக் கொஞ்சம் சீண்டலாம். ஆனால் அந்த விளையாட்டைவிட முக்கியமான ஒன்று இங்கே இருக்கிறது.

வீடு தேடிவரும் பூ நமக்குப் புதிதன்று. இணையமும் கைபேசியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெருவுக்கொரு பூக்காரம்மா இருந்தார். பல ஊர்களில் இன்றும் இருக்கிறார். நாளுக்கு ஒரு முழமோ அரை முழமோ வாடிக்கை. ஆளில்லாத வீடென்றால் வாசற்கதவின் கொண்டியில் இலையில் சுற்றித் தொங்கும். வெள்ளிக்கிழமை கூடுதல். கணக்கு மாதக் கடைசியில். தை மாதப் பனியில் வரத்துக் குறைந்து மல்லிகை கிலோ ஆயிரங்களுக்கு ஏறும்போது அவர் விலையைக் கூட்டமாட்டார். கண்ணியைக் கொஞ்சம் தள்ளித்தள்ளிக் கட்டி, அதே காசுக்கு அதே முழத்தைத் தருவார். வாங்குகிறவருக்கும் அது தெரியும். கோடையில் விலை விழுந்ததும் நெருக்கிக் கட்டிய சரம் வரும். எழுதப்படாத ஒப்பந்தம். எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவும் எட்டமுடியாத நுட்பம் இதில் உண்டென்று நாங்கள் உண்மையாகவே கருதுகிறோம்.

ஆனால் அதே பூக்காரம்மா, கணவனை இழந்த பெண் இருக்கும் வாசலில் நின்று யோசிப்பார். அடுத்த மாதம் அந்தக் கொண்டியில் பூ தொங்காது. யாரும் வாய்திறந்து நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுவாகவே நின்றுவிடும். பல சமயம் பூக்காரம்மாவே அப்படிப்பட்டவராக இருப்பார். நாள் முழுவதும் மல்லிகையைத் தொடுத்து, ஒரு கண்ணிகூடத் தன் தலையில் வைக்காமல் வீடு திரும்புவார். இன்று எத்தனையோ பெண்கள் இதை மீறிவிட்டார்கள், நல்லது. ஆயினும் சரமும் மாலையும் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் கைமாறுகின்றன. நீ சுமங்கலியா, மணமகளா, தெய்வமா, பிணமா? ஆணாயின் மாலைக்கு உரிய பெரிய மனிதனா?

பூங்கொத்து இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதைக் கையில்தான் வாங்குகிறோம். கூந்தலிலோ கழுத்திலோ ஏறுவதில்லை. கணவனை இழந்த எழுத்தாளருக்கு மேடையில் தரலாம், யாரும் திகைக்கமாட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் நண்பனுக்குத் தரலாம். பதவி உயர்வு பெற்ற தோழிக்கு, மணமாகாதவருக்கு, எந்தச் சடங்குக்குள்ளும் அடங்காத ஒரு நட்புக்குத் தரலாம். நம்முடைய பழைய பூவால் செய்யமுடியாத ஒன்றை இந்த அந்நிய வடிவம் செய்கிறது. பண்பாட்டுக் காவலர்கள் இதைச் சற்றே யோசிக்கட்டும். புத்தகம் கொடுப்போரும்தான். பூவே மறுக்கப்பட்ட ஒருத்திக்குப் பூ தருவதிலுள்ள பொருள் அட்டைபோட்ட நாவலைத் தருவதில் வந்துவிடாது.

ஆகவே எங்கள் சண்டை பூங்கொத்தோடு அல்ல. அதை நாம் வரவழைக்கும் முறையோடுதான்.

அமெரிக்காவில் 1910-இல் சில பூக்கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். பாஸ்டனில் இருப்பவர் சிகாகோவிலிருக்கும் அக்காவுக்குப் பூ அனுப்ப விரும்பினால், பாஸ்டன் கடைக்காரர் சிகாகோ கடைக்காரருக்குத் தந்தியடிப்பார். அங்கே இருக்கும் பூவில் அங்கேயே கட்டி, அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எஃப்டிடி என்ற அமைப்பு இப்படித்தான் பிறந்தது. இந்த வகை ஏற்பாட்டில் ஆணை பெற்ற கடைக்கு நூற்றுக்கு 20, நடுவிலிருக்கும் அமைப்புக்கு 7, பூவைக் கட்டிக் கொடுத்த கடைக்கு 73 என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. பூவைத் தொட்டவருக்கே பெரும்பங்கு. இரண்டு முனையிலும் உண்மையான கடை, உண்மையான ஆள். பின்னர் தொலைபேசி மையங்களும் இணையதளங்களும் வந்தன. கடையே இல்லாத, பூவையே பார்த்திராத இடைத்தரகர்கள் உள்ளூர்க் கடைகளைப் போல வேடமிட்டு ஆணைகளைத் திரட்டி, பங்கை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளினார்கள். எஃப்டிடி 2019 ஜூனில் திவால் மனு கொடுத்தது. பிறகு கைமாறிப் பிழைத்துக்கொண்டது, அது வேறு கதை.

நமக்கு வந்து சேர்ந்தது அந்த வரலாற்றின் கடைசி அத்தியாயம் மட்டும். படத்தைத் தொடு, பணத்தைக் கட்டு, மூன்று மணி நேரத்தில் பூ. நடுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டியதில்லை.

கோவில்பட்டியில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்திற்கு டொராண்டோவிலிருக்கும் நண்பர் ஒருவர் இப்படிப் பூ அனுப்பியிருந்தார். படத்தில் வெள்ளை லில்லி. வந்தது, ஜிகினா தெளித்த சிவப்பு ரோஜாவும் இதய வடிவ அட்டையும். அட்டையில் 'இனிய வாழ்த்துகள்'. கொண்டுவந்த பையன் கூசிப்போய் நின்றான். "படத்துல இருக்க பூ இங்க கெடைக்காது சார். சொன்னதுக்கு, இருக்கத வச்சுக் குடுத்துருங்கன்னுட்டாங்க" என்றான். நண்பர் கட்டியது 2,400 ரூபாய். கடைக்கு வரவிருந்தது 1,300 என்று அவனே சொன்னான், அதுவும் அடுத்த மாதம். அன்று காலை அதே ஊர்ப் பூக்கடைகளில் வெள்ளைச் சம்பங்கி கூடைகூடையாகக் குவிந்திருந்தது. துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூ எது? ஆனால் சம்பங்கி பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதது பூவே அல்ல.

இந்தப் பட்டியல்தான் எங்கள் எதிரி. ஓசூரைச் சுற்றித் தளி, பாகலூர், கெலமங்கலம் பகுதிகளில் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜாவும் ஜெர்பராவும் கார்னேஷனும் எப்படியோ அதற்குள் இடம்பிடித்துவிட்டன. மொட்டாகவே அறுத்து, குளிரறையில் வைத்து, நெடுந்தூரம் அனுப்பத் தோதானவை. வாடாமலிருக்கும் நாட்களைக் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட வணிக ரோஜா வகைகள் பலவற்றில் மணம் கிடையாது; படத்தில் மணம் தெரியாதென்பதால் அது குறையாகவும் தோன்றுவதில்லை. அந்த விவசாயிகளை நாங்கள் பழிக்கவில்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து கல்யாணமும் கோயிலும் நின்றபோது பறித்த பூவைக் குப்பையில் கொட்டியவர்கள் அவர்கள். காதலர் தினத்தை நம்பிக் கடன் வாங்குபவர்களும் அவர்களே. பூங்கொத்தைத் தவிர்க்கவும் என்ற வரி முதலில் சுடுவது அவர்களைத்தான்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தும் என்ன, எந்தப் பட்டியலிலும் அதை ஏற்ற முடியாது. விடியலில் மொட்டாகப் பறித்து, பகலில் தொடுத்து, மாலையில் விரியும் பூ. அதன் கடிகாரத்துக்குத்தான் நாம் ஒத்துப்போகவேண்டும். விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நிலையான படமும் நிலையான விலையும் கேட்கும் வியாபாரத்தில் மல்லிகைக்கு இடமில்லை, மரிக்கொழுந்துக்கு இடமில்லை, கோழிக்கொண்டைக்கு இடமில்லை, அவற்றைக் கட்டும் பெண்களுக்கும் இடமில்லை. அவர்கள் நடைபாதையில் மழைக்கு ஒரு பாலிதீன் விரிப்போடு உட்கார்ந்திருக்க, அவர்களைத் தாண்டி ஒரு இருசக்கர வாகனம் மணமற்ற பத்து ரோஜாக்களை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு விரைகிறது.

பூக்காரம்மாவிடம் பொக்கே கேட்டால் கட்டத் தெரியாது என்று சிலர் சொல்கிறார்கள். கேட்டுப் பார்த்தார்களா? மதுரையிலும் தோவாளையிலும் நூற்றுக்கணக்கான பூவை மடித்தும் கோத்தும் மாலையாக்கும் விரல்களுக்கு, பத்துச் சம்பங்கித் தண்டையும் இரண்டு கோழிக்கொண்டையையும் ஒரு பிடி மரிக்கொழுந்தையும் சேர்த்துக் கட்டுவது அரைமணி வேலைகூட இல்லை. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடிய நண்பர்கள், அந்த ஊர்க் கூட்டத்திற்கும் செயலியில்தான் பூ வரவழைத்தார்கள்.

கூட்டம் நடத்தும் நண்பர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அழைப்பிதழிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். முதல்நாள் மாலை மண்டபத்துக்குப் பக்கத்திலிருக்கும் பூக்காரரிடம் போய், யாருக்கு, எதற்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். இன்ன பூதான் வேண்டுமென்று சொல்லாதீர்கள். நாளைக் காலை எது நன்றாக வருகிறதோ அதில் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், வாழையிலையோ செய்தித்தாளோ போதும். பாதிப் பணத்தை முன்னதாகக் கொடுங்கள், அவர் விடியற்காலையில் சந்தைக்குக் கைக்காசோடு போகவேண்டும். வெளியூரிலிருந்து அனுப்ப விரும்பினால் அந்த ஊரில் உங்களுக்கு ஒரு நண்பர் இருப்பார், தொலைபேசியில் அவரைப் பிடியுங்கள். இத்தனை ஆண்டு இலக்கியத்தில் இருந்து ஊருக்கு ஒரு நண்பர்கூட இல்லாமலா போய்விட்டார்? கொண்டுவந்து தரும் கூலியைத் தனியாகக் கேட்டுக் கொடுங்கள், பூவின் விலையில் பேரம் பேசிக் கழிக்காதீர்கள். கொண்டுவருபவர் ஐந்து நிமிடம் அமர விரும்பினால் நாற்காலி கொடுங்கள். பின்வரிசையில் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.