நடுவயதில் கால் போனால் எந்தக் கவுண்டருக்குப் போவது?

ஓகேயு அட்டை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை, அல்லது சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகும் சிறுவன். ஐம்பது வயதில் இனிப்புநீரால் காலை இழந்த லோரி ஓட்டுநரை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அவரும் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 11.1 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகை உடற்குறையோ செயல்குறையோ இருந்தது. சமூகநல இலாகாவில் பதிந்துகொண்டவர்களோ 2023 தொடக்கத்தில் 6 லட்சத்துச் சொச்சம் பேர்தான். மக்கள்தொகையில் 2 விழுக்காடுகூட இல்லை. ஆய்வில் எண்ணப்பட்ட எல்லாருக்கும் அட்டை கிடைத்துவிடாது என்பது உண்மை. ஆனாலும் இடைவெளி பெரிது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் நாட்டுச் சராசரியில் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4. அந்த நோய் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்று கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கால், கண், சிறுநீரகம்.

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என ஏழு பிரிவுகள். கால் எடுக்கப்பட்டவர் உடல் குறைபாட்டுப் பிரிவில் வருகிறார். சிறுநீரகச் செயலிழப்பு இந்த ஏழில் இல்லை. மருத்துவர் பாரத்தை நிரப்பித் தர வேண்டும். அதைச் சமூகநல இலாகாவில் சேர்ப்பது குடும்பத்தின் வேலை. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது, பாரம் வருவதில்லை. கேட்டால்தான் உண்டு. கேட்கவும் பலருக்குக் கூச்சம். ‘ஊனம்’ என்று எழுதி வாங்கினால் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பேச்சு தோட்டத்தோடு முடிந்துவிடவில்லை, பட்டணத்து அடுக்குமாடியிலும் இருக்கிறது.

அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணமில்லை. கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம். செயற்கைக் கால், சக்கர நாற்காலி வாங்கவும் இலாகாவிடம் உதவி கேட்கலாம்.

ஆனால் பெரிய பணம் இருப்பது வேறு கவுண்டரில். அதுதான் சொக்சோ. வேலை செய்யும் இடத்தில் விபத்து நடந்தால் மட்டும் சொக்சோ தரும் என்று நினைப்பவர்கள் அதிகம். நோயால் உழைப்புத் திறன் போனவருக்கும் அங்கே ஈலாட் பென்ஷன் உண்டு. சராசரித் தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இவரால் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவ வாரியம் ஏற்க வேண்டும். பிறகு சந்தாக் கணக்கு: விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுப் பென்ஷன்.

இந்த 40 மாதம் கால் எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. விண்ணப்பித்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. வேலை நின்றபின் அதிர்ச்சியிலும் நாட்டு வைத்தியத்திலும் ஒன்றரை வருடம் வீட்டில் முடங்கினால், 16 மாத எல்லை தாண்டிவிடும். நீண்டகாலம் விடாமல் சந்தா கட்டியவருக்கு வேறு கணக்கு இருக்கிறது. குறைந்த விகிதப் பென்ஷனும் இருக்கிறது. ஒப்பந்த வேலையில் விட்டு விட்டுக் கட்டியவர்தான் மாட்டிக்கொள்கிறார். சொந்தத் தொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுத் திட்டமும் இவருக்குக் கைகொடுக்காது. அது வேலை விபத்துக்கு மட்டும்.

பார்வை போனவருக்கான வழி பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் ஜாலான் தெபிங்கில் உள்ளது. அதன் கர்னி பயிற்சி மையம் பார்வையற்ற பெரியவர்களுக்குத் தொழில் கற்றுத்தரவே உருவானது. ஜாலான் தம்பிப்பிள்ளையில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. வாழை இலைச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் போகும் குடும்பங்கள், பார்வை மங்கிவரும் அப்பாவுக்கும் இங்கே இடம் உண்டு என்று யோசிப்பதில்லை. தடவி நடக்கப் போட்ட மஞ்சள் ஓடுகளின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களும் யோசிப்பதில்லை.

குறையெல்லாம் மக்களுடையது மட்டுமல்ல. 2021 பட்ஜெட்டில், வேலை செய்ய முடியாத மாற்றுத்திறனாளிக்கான மாத உதவி 250இலிருந்து 300 ரிங்கிட்டானது. படுக்கையில் கிடப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு 350இலிருந்து 500. அப்போது பட்டணத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700. சம்பளம் ஏறும்போது உதவித்தொகையும் ஏற வேண்டும் என்று 2008 சட்டத்தில் எங்கும் இல்லை. உதவியை முடிவு செய்வதும் அவருடைய வருமானம் அல்ல, வீட்டு வருமானம். மகன் பேக்டரியில் சேர்ந்ததும் அப்பாவின் 300 ரிங்கிட் ஆட்டம் காண்கிறது.

சட்டத்தை மீறினால் தண்டனை என்ன? அதுவும் இல்லை. மாறாக, அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி 41ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. பாரபட்சத்தைத் தடுக்கும் அரசியலமைப்பின் 8(2) விதியில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் இருக்கின்றன, உடற்குறை இல்லை.

அதுவரை, பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் முன்பே வார்டு தாதியிடம் சொல்லி அங்கே அனுப்பச் சொல்லலாம். ஓகேயு பாரத்தையும் சொக்சோவுக்கான மருத்துவ அறிக்கையையும் அப்போதே கேட்டுவிட்டால், ஒற்றைக் காலோடு இன்னொரு முறை நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.