மணியோசையும் முழங்கையும்

ஆங்கிலம் என்றவுடனே லண்டன் மாநகரத்துப் பாஷையொன்றையே நினைத்துக்கொள்ளும் நம்மவர், ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் கிராம ஜனங்கள் வழங்கிவந்த ‘டிண்டில்’ என்னும் சொல்லுக்குச் சற்றே செவி சாய்க்கலாம். மணி கணீரென்று ஒலிப்பதும், பொருள்கள் கிடுகிடுவென்று அதிர்வதும், முழங்கை எலும்பு கதவுநிலையில் இடிபட்ட மாத்திரத்தில் விரல்நுனிவரை சுரீரென்று ஓடும் விறுவிறுப்பும் ஆகிய யாவற்றையும், காதுக்கும் தோலுக்கும் பேதம் பாராட்டாமல், அந்த ஒரு சொல்லே சுமந்து நிற்கிறது. ஏறக்குறைய அதே பொருளுடைய ‘டர்ல்’ என்பதோ, சாத்தான் ஊதிய குழலோசையில் கூரை அதிர்ந்ததைச் சொல்ல ராபர்ட் பர்ன்ஸ் தமது ‘டாம் ஓ ஷான்டர்’ என்னும் கவிதையில் எடுத்தாண்டமையால், சிரஞ்சீவித்துவம் பெற்றுவிட்டது. கவிகளின் கடாக்ஷம் என்பது இதுதான் போலும்! அவ்வளவு பாக்கியம் வாய்க்காத எண்ணிறந்த சொற்களுக்குப் புகலிடம் தந்தது, 1898 முதல் 1905 வரை ஆறு பாகங்களாக வெளிவந்த ஆங்கில வட்டார வழக்கு அகராதியாகும். அதன் ஆசிரியர் ஜோசப் ரைட், எழுத்தறியாத சிறுவராக யார்க்‌ஷயர் ஆலையில் உழைத்து, பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானவர். கொச்சையென்று பண்டிதர்கள் தள்ளியதைத் திரட்டிக் காப்பாற்ற அவரினும் தகுதியுடையார் இருந்திருக்க மாட்டார் என்பதே என் அபிப்பிராயம்.