தண்டனை சரி, விடுதலை எப்போது?

தில்லுமுல்லு செய்யும் தளங்களைக் கூகிள் தண்டிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தண்டிக்கத்தான் வேண்டும். என் சண்டையெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதோடுதான். தப்பைத் திருத்திக்கொண்ட தளம் எப்போது வெளியே வரும்? யாரிடம் போய்க் கேட்கும்? பெரிய கம்பெனிக்கு ஒரு கணக்கு, சின்னக் கடைக்கு ஒரு கணக்கு என்று ஏன் இருக்கிறது? இதைப்பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். கூகிள் வந்த புதிதில் மற்ற தேடுபொறிகளை அது தூக்கிச் சாப்பிட்டதற்குக் காரணம் ஒரு எளிய யோசனை. ஒரு தளம் இன்னொரு தளத்துக்குச் சுட்டி கொடுத்தால் அதை ஓட்டு மாதிரி எண்ணிக்கொள். நல்ல பெயர் உள்ள தளம் போட்ட ஓட்டுக்கு மதிப்பு அதிகம். நிறைய நல்ல ஓட்டு வாங்கிய பக்கம் மேலே வரும். அவ்வளவுதான்.

ஓட்டு என்று வந்துவிட்டால் ஓட்டுக்குப் பணம் என்பதும் வந்துதானே ஆகும்? நமக்குத் தெரியாததா! காசு கொடுத்துச் சுட்டி வாங்குவது, சுட்டி கொடுப்பதற்கென்றே நூறு குப்பைத் தளங்களை நடத்துவது, ஒரே கட்டுரையை ஊரெல்லாம் ஒட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சுட்டியைச் செருகுவது என்று இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இந்த மாதிரி எரிதங்களை ஒழிக்கத்தான் கூகிள் அவ்வப்போது சாட்டையை எடுக்கிறது.

சாட்டையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கூகிளில் வேலை பார்க்கும் ஒரு மனிதர் உங்கள் தளத்தைப் பார்த்துவிட்டுக் கையாலேயே போடும் தண்டனை. இது வந்தால் 'சர்ச் கன்சோல்' என்ற இடத்தில் அறிவிப்பு வரும். தப்பைச் சரி செய்துவிட்டு, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று மனு போடலாம். இன்னொன்று, நிரலே தானாகப் போடும் தண்டனை. இதற்கு அறிவிப்பு கிடையாது, மனுவும் கிடையாது. ஒருநாள் காலையில் பார்த்தால் வாடிக்கையாளர் வரவில்லை. அவ்வளவுதான் தெரியும்.

இப்போது பெரிய இடத்துக் கதைகளைப் பாருங்கள்.

2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகிள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறு பக்கம் காட்டினார்கள் என்பது குற்றம். கம்பெனி அந்தப் பக்கங்களை எடுத்தது. சில நாட்களில் தளம் திரும்பிவிட்டது.

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய ஜவுளிக்கடையான ஜேசி பென்னி மாட்டியது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அவர்களுக்குச் சுட்டிகள் போயிருந்ததை நியூயார்க் டைம்ஸ் எழுதியது. சாம்சோனைட் பெட்டிக்கான ஒரு தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரம் கழித்து 71-வது இடத்தில் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, ஆலோசனை கொடுத்த நிறுவனத்தைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கியது. சுமார் 90 நாட்களில் பழைய இடங்கள் பலவும் திரும்பின.

2013 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பூக்கடை இன்டர்ஃப்ளோரா. உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் காசு கொடுத்து விளம்பரக் கட்டுரைகளைப் போட்டு, அவற்றில் சுட்டிகள். தண்டனை வந்தபோது சொந்தப் பெயரைத் தேடினால்கூட அந்தத் தளம் முதலில் வரவில்லை. 11 நாட்களில் திரும்பிவிட்டது. அந்த வருடம் இங்கிலாந்தில் அன்னையர் தினம் மார்ச் 10. பூக்கடைக்கு அதுதானே பொங்கலும் தீபாவளியும்! அதற்குள் வந்துவிட்டார்கள்.

அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று ராப் ஜீனியஸ் என்ற பாடல்வரித் தளம். எங்களுக்குச் சுட்டி கொடுங்கள், பதிலுக்கு உங்கள் பக்கத்துக்கு ஆள் அனுப்புகிறோம் என்று பேரம் பேசியது அம்பலமானது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. தனியாக நிரல் எழுதி, தங்களுக்குச் சுட்டி கொடுத்த சுமார் 1,78,000 முகவரிகளை அலசி, கெட்டதையெல்லாம் எடுக்கச் செய்தார்கள். 10 நாட்களில், 2014 ஜனவரி 4 அன்று வெளியே வந்தார்கள்.

அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உழைத்ததற்குப் பலன் பத்து நாளில் தெரிந்தது. இந்தப் பத்து நாள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சின்ன ஆட்கள் கதை. 2012 ஏப்ரல் 24 அன்று கூகிள் 'பெங்குவின்' என்ற நிரலை இறக்கியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவிகிதத்தைப் பாதிக்கும் என்று அவர்களே சொன்னார்கள். கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் முதல் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குப் போன கடைக்காரருக்கு அது 3.1 அல்ல, நூறு சதவிகிதம்.

பெங்குவினில் ஒரு சிக்கல் இருந்தது. அது தினமும் ஓடவில்லை. கூகிள் நினைத்தபோது ஒருமுறை ஓட்டும். அடுத்தமுறை ஓட்டும் வரை உள்ளே போனவர் உள்ளேதான். நீங்கள் அடுத்த நாளே எல்லாக் கெட்ட சுட்டிகளையும் எடுத்துவிட்டாலும், அது மறுபடி ஓடினால்தான் தெரியும். 2013 அக்டோபர் 4 அன்று ஓட்டினார்கள். அடுத்தது 2014 அக்டோபர் 17. அதற்கடுத்தது 2016 செப்டம்பர் 23.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2014 நவம்பரில் ஒரு சின்ன வியாபாரி தன் தளத்தைச் சுத்தம் செய்து முடித்தார் என்று வையுங்கள். அது கணக்கில் ஏற 22 மாதம். ராப் ஜீனியஸுக்கு 10 நாள், இவருக்கு 22 மாதம். அவர்களுக்குக் கிடைத்தது கையால் போட்ட தண்டனை, இவருக்குக் கிடைத்தது நிரல் போட்ட தண்டனை, இரண்டும் வேறு என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதுதானே என் புகாரே! குற்றம் ஒன்றுதான். யார் கண்ணில் பட்டது என்பதை வைத்துச் சிறைக்காலம் மாறினால் அது என்ன நியாயம்?

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. பெரிய கம்பெனிக்குக் கடையும் கிளையும் டிவி விளம்பரமும் இருக்கின்றன. தேடலில் காணாமல் போனாலும் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும். சின்ன வியாபாரிக்கு அன்றாட ரொக்க வரவுதான் மூச்சு. வாடகையும் சம்பளமும் கடன் தவணையும் அடுத்த நிரல் ஓடும் வரை காத்திருக்காது. லாபம் ஈட்டக்கூடிய நல்ல தொழில்கூட கையில் ரொக்கம் இல்லாமல் மூடிப்போகும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். இருவருக்கும் ஒரே தண்டனை கொடுத்தாலே சின்னவருக்கு வலி அதிகம். இங்கே நாளும் அதிகம்.

சரி, மீண்டு வர என்னதான் செய்யவேண்டும்? முதலில் விழுந்த தேதியைக் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியில் கூகிள் ஏதாவது மாற்றம் அறிவித்ததா என்று பார்க்கவேண்டும். சர்ச் கன்சோலில் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுட்டிகளின் பட்டியலை இறக்கி, காசு கொடுத்து வாங்கியதைத் தனியே பிரித்து, அந்தந்தத் தளக்காரருக்கு மடல் எழுதி எடுக்கச் சொல்லவேண்டும். எடுக்காதவற்றை, 'இவற்றை என் கணக்கில் சேர்க்காதே' என்று கூகிளிடம் கோப்பாகக் கொடுக்கலாம். 2012 அக்டோபரில்தான் இந்த வசதி வந்தது. கூகிளே இதைக் கவனமாகப் பயன்படுத்தச் சொல்கிறது. பயத்தில் நல்ல சுட்டிகளையும் சேர்த்து வெட்டினால் கையில் இருப்பதும் போகும். கையால் போட்ட தண்டனை என்றால் நடந்ததை மறைக்காமல் எழுதி மனு போடவேண்டும். நிரல் போட்டது என்றால் திருத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

'மீட்பு' என்ற வார்த்தையிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. வாங்கிய ஓட்டால் கிடைத்த இடம், அந்த ஓட்டு செல்லாது என்றானபின் திரும்ப வராது. கூகிளும் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: அந்தச் சுட்டிகளால் கிடைத்த பலன் போனது போனதுதான். அதனால், 'பழைய இடத்தை முப்பது நாளில் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் குழியில் தள்ளியதே அப்படிச் சொன்ன ஒருவராக இருக்கலாம். நான் கேட்பதும் பழைய இடத்தை அல்ல. தப்பைக் கழித்தபின் அவரவர் தகுதிக்கு உரிய இடத்தை, நியாயமான காலத்துக்குள்.

இதற்கு இரண்டு எதிர்வாதம் வரும்.

ஒன்று, 'எப்படிப் பிடிக்கிறோம் என்று சொன்னால் திருடன் உஷாராகிவிடுவான்'. நியாயமான வாதம். ஆனால் எப்படிப் பிடித்தாய் என்று நான் கேட்கவில்லை. எதற்காகப் பிடித்தாய் என்றுதான் கேட்கிறேன். 'உன் சுட்டிகளில் பிரச்சினை' அல்லது 'உன் பக்கங்கள் நகல்' என்று ஒரு வரி போதும். கையால் போடும் தண்டனைக்கு இந்த ஒரு வரியைக் கூகிள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் உலகம் கவிழ்ந்துவிடவில்லையே!

இரண்டு, 'கூகிள் தனியார் கம்பெனி, யாரை எங்கே வைப்பது என்பது அவர்கள் இஷ்டம்'. அமெரிக்காவில் சர்ச் கிங் என்ற நிறுவனம் இது பற்றி வழக்குப் போட்டது. தர வரிசை என்பது கூகிளின் கருத்து, கருத்துச் சுதந்திரத்தில் வரும் என்று 2003-ல் ஓக்லஹோமா நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தெருவில் பத்துத் தேடுபொறி இருந்தால் நானும் அதை ஒத்துக்கொள்வேன். ஒருவர் கருத்து பிடிக்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போகலாம். ஆனால் 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தாவே தீர்ப்பில் சொல்லிவிட்டார், பொதுத் தேடலில் கூகிள் ஏகபோகம், அதைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று. ஊருக்கு ஒரே ஒரு சந்தை இருந்து, அதன் கதவும் ஒருவர் கையிலேயே இருந்தால், 'உள்ளே விடுவதும் விடாததும் என் கருத்து' என்று அவர் சொல்லிவிட்டுப் போகமுடியாது.

இதை யாராவது கேட்டார்களா என்றால், கேட்டார்கள். இங்கிலாந்தில் ராஃப் தம்பதி நடத்திய ஃபவுண்டம் என்ற விலை ஒப்பீட்டுத் தளம் 2006-ல் கூகிள் தேடலில் அதலபாதாளத்துக்குப் போனது. அந்தத் தண்டனை நீங்க 2009 ஆனது. அவர்கள் ஐரோப்பிய ஆணையத்திடம் போனார்கள். 2017-ல் கூகிளுக்கு 242 கோடி யூரோ அபராதம். 2024 செப்டம்பரில் ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அபராதம் அந்தத் தண்டனைக்காக அல்ல, கூகிள் தன் சொந்த ஷாப்பிங் சேவைக்குச் சாதகமாக நடந்ததற்காக. ஆனாலும் அந்தப் பெரிய வழக்கைக் கிளப்பியவர்களில் முதல் ஆட்கள், பதில் கிடைக்காத ஒரு சின்னக் கடைக்காரர்கள்தான். 18 வருடம் சண்டை போட எத்தனை பேரால் முடியும்?

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2016-க்குப் பிறகு பெங்குவின் நாள் பார்த்து ஓடுவதில்லை, எப்போதும் ஓடுகிறது. கெட்ட சுட்டிக்காகத் தளத்தையே கீழே தள்ளுவதை விட்டு, அந்தச் சுட்டியை மட்டும் செல்லாததாக்குகிறது. நல்ல மாற்றம். ஆனால் மற்ற எரித ஒழிப்பு நடவடிக்கைகளில், நீங்கள் விதிகளுக்கு உட்பட்டு நடப்பதை எங்கள் நிரல் மாதக்கணக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டால் நிலைமை மேம்படலாம் என்றுதான் இன்றும் கூகிள் எழுதி வைத்திருக்கிறது. எத்தனை மாதம்? அதற்குப் பதில் இல்லை.

நினைத்தால் கூகிளால் முடியும் என்பதற்குச் சாட்சி அவர்களேதான். பெரிய தளங்கள் தங்கள் பெயரை அடுத்தவருக்கு வாடகைக்கு விடுவதைத் தடுக்க, 2024 மார்ச்சில் ஒரு விதியை அறிவித்தார்கள். அமல் மே மாதம். இரண்டு மாத அவகாசம்! பெரிய பத்திரிகைகள் பாதிக்கப்படும்போது முன்னறிவிப்பு கொடுக்க முடிகிறது. அந்த விதியையும்கூட 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது. பெரிய ஆட்களுக்கு வாதாட ஒரு இடம் கிடைத்துவிட்டது.

நான் கேட்பது மூன்றே மூன்று. நிரல் தண்டித்தாலும் எந்த வகைத் தப்பு என்று ஒரு வரி சொல்லுங்கள். திருத்திவிட்டேன் என்று மனு போட்டால் இத்தனை நாளுக்குள் பார்ப்போம் என்று ஒரு கெடு வையுங்கள். அந்தக் கெடு பி.எம்.டபிள்யூவுக்கும் பெட்டிக்கடைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை உண்டு. இன்று ஒரு கடையின் நற்பெயரில் பெரும்பகுதி, அந்தக் கடைக்காரர் ஒருமுறைகூடப் பேசமுடியாத ஒரு நிரலின் கையில் இருக்கிறது. வழிப்போக்கர்களை மட்டும் நம்பாமல், நேரே தேடி வரும் வாடிக்கையாளர்களைச் சேர்த்து வையுங்கள் என்று கடைக்காரர்களுக்குச் சொல்வேன். கூகிளுக்குச் சொல்வது ஒன்றுதான்: உள்ளே தள்ளும் அதிகாரம் உங்களிடம் இருக்கட்டும், வெளியே விடும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.