மரத்துப்போன ஸ்டியரிங்

சர்க்கரை, பிரஷர், தடுப்பூசின்னு எழுதுற டாக்டர் இன்னைக்கு கார் ஸ்டியரிங் பத்தி எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு. கார் ஓட்டாதவங்களும் கூடவே வாங்க. பாதி விஷயம் உங்க பாதத்தைப் பத்தினது.

பாரூர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பழகின காட்சி. ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சா ஓசூர் நெடுஞ்சாலையில் கர்நாடகா நம்பர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள் வரும். போர்ஷே, பி.எம்.டபிள்யூ., எப்பவாவது ஒரு லம்போர்கினி. டீக்கடையில் நிற்கிற பசங்க கையில் உடனே போன் வந்துடும். இந்தக் கார்களை வாங்கினவங்களும் வாங்க ஆசைப்படுறவங்களும் பல வருஷமா ஒரு புகார் சொல்றாங்க: "புது கார்ல ஸ்டியரிங் ஃபீல் இல்ல சார். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வந்து கெடுத்துடுச்சு."

கேட்டா பணக்காரப் புலம்பல் மாதிரி இருக்கும். ஆனா புகார் நியாயமானது. குற்றவாளியைத்தான் தப்பாப் பிடிச்சிருக்காங்க. அதோட, இந்தப் பிரச்சினை போர்ஷேவோட நிற்கிறதில்லை. உங்க வீட்டு வாசல்ல நிற்கிற ஸ்விஃப்ட் வரைக்கும் வருது.

முதல்ல 'ஃபீல்'னா என்ன? கார் வளைவில் திரும்பும்போது முன் டயர் ரோட்டில் பதியுற இடத்தில் ரப்பர் லேசா முறுக்கிக்கும். ரோடு டயரைப் பக்கவாட்டில் தள்ளுற விசை அந்தப் பதிவோட நடுவில் விழாம, கொஞ்சம் பின்னால விழும். அதனால சக்கரம் தானா நேராகப் பார்க்கும். அந்த எதிர்ப்பைத்தான் நம்ம கை எடையா உணருது. வளைவில் இன்னும் அழுத்தினா எடை கூடும்.

இனிமேதான் முக்கியமான இடம். டயர் தன் பிடிமானத்தோட எல்லையை நெருங்கும்போது அந்த விசை விழுற இடம் முன்னால நகர ஆரம்பிக்கும். பிடி இன்னும் விடல. ஆனா ஸ்டியரிங்ல எடை குறைய ஆரம்பிச்சிடும். அதாவது டயர் வழுக்குறதுக்கு முன்னாடியே கைக்கு ஒரு தகவல் வருது: "அண்ணே, இதுக்கு மேல என்னால முடியாது." தேங்கின தண்ணி மேல டயர் மிதக்க ஆரம்பிச்சாலும் இதேதான், ஸ்டியரிங் திடீர்னு லேசாகும். 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் போகுது. அரை வினாடி முன்னாடி தெரிஞ்சா 14 மீட்டர் கையில் இருக்கு. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் தேடுறது இந்தத் தகவலைத்தான். அதை 'மஜா'ன்னு சொல்லிச் சொல்லியே அதோட மதிப்பைக் குறைச்சுட்டாங்கன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. என்னைப் பொறுத்தவரை இது வலி மாதிரி, உடம்புக்குள்ள இருக்கிற எச்சரிக்கை மணி.

இப்போ மருத்துவத்துக்கு வரேன். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் பசினியன் கார்பஸில்னு வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான நுண்ணுறுப்புகள் இருக்கு. அதிர்வைப் பிடிக்கிறது அதோட வேலை. வினாடிக்கு 250 வாக்கில் வர்ற அதிர்வை மிக நுட்பமா உணரும். தசைக்குள்ள இருக்கிற சென்சார்கள் இழுவையையும் விசையையும் அளக்கும். கண் பார்த்து, மூளை யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கை சரி பண்ணிடும். ரோட்டில் பொடிக்கல் கிடந்தா, தார் ஈரமா இருந்தா, அனுபவப்பட்ட டிரைவர் "ரோடு சரியில்ல"ம்பார். எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாது.

பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங்ல எஞ்சின் பெல்ட்டில் ஓடுற பம்ப் எண்ணெயை அழுத்தும். நீங்க திருப்பும்போது உள்ளே இருக்கிற டார்ஷன் பார்ங்கிற மெல்லிய கம்பி முறுக்கி, வால்வைத் திறந்து, அந்த எண்ணெய் தள்ளி உதவி பண்ணும். டயர் பேசுறது அந்த எண்ணெய் வழியா ஓரளவுக்குக் கைக்கு வந்து சேரும். எலக்ட்ரிக்கிலும் டார்ஷன் பார் உண்டு. ஆனா அது முறுக்குறதை ஒரு சென்சார் அளந்து, கம்ப்யூட்டருக்குச் சொல்லி, கம்ப்யூட்டர் மோட்டாரை ஓட்டும். கீழே இருந்து வர்ற அதிர்வு மோட்டாரோட எடையையும் பல்சக்கர உராய்வையும் தாண்டி வரணும். அப்புறம் மென்பொருள் 'இது வேண்டாத நடுக்கம்'னு முடிவு பண்ணினா அதையும் அமுக்கிடும். நமக்கு வந்து சேர்றது வடிகட்டின செய்தி.

சர்க்கரை நோயாளிகளோட நரம்புக்கும் இதேதான் நடக்குது. "டாக்டர், மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு"ன்னு வர்றவங்களை எங்க பக்கத்து டாக்டர்கள் எல்லாரும் தினமும் பார்க்கிறோம். கால் இருக்கு, பலம் இருக்கு, தரை சொல்ற செய்தி மட்டும் மேலே வரல. செருப்புக்குள்ள ஆணி ஏறி ரத்தம் தரையில் சொட்டின பிறகுதான் கவனிப்பாங்க. மரத்துப்போறதில் இருக்கிற கொடுமையே அதுதான், வலிச்சா உடனே ஓடி வருவாங்க, மரத்துப்போனதைச் சொல்ல உடம்புக்கு வழியில்ல. ஸ்டியரிங்கும் அப்படித்தான். ஃபீல் இல்லாத காரை ஓட்டுறவருக்கு எதுவும் குறையாத் தெரியாது. "பட்டர் மாதிரி போகுது சார்"னு சந்தோஷமா சொல்வார்.

சரி, எலக்ட்ரிக் ஸ்டியரிங்கையே தூக்கி எறியணுமா? வேண்டாம். 1988-ல் ஜப்பானில் சுசுகி செர்வோங்கிற குட்டிக் காரில் வந்த தொழில்நுட்பம் இது. பம்ப் எந்நேரமும் எஞ்சினை இழுத்துக்கிட்டு இருக்காததால எரிபொருள் மிச்சம். எண்ணெய்க் கசிவு கிடையாது. மூட்டுவாதம் இருக்கிறவங்க, தோள்பட்டை இறுகிப்போனவங்க (சர்க்கரை இருந்தா இதுவும் அதிகம் வரும்) இன்னைக்கு நெருக்கமான தெருவில் கார் நிறுத்துறாங்கன்னா இதுதான் காரணம். டாக்டரா நான் இதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

அப்போ யார் குற்றவாளி? பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸையே எடுத்துக்குங்க. 2012-ல் வந்த தலைமுறையில் ஹைட்ராலிக் போய் எலக்ட்ரிக் வந்தது. "எங்க பழைய 3 சீரிஸ் எங்கே?"ன்னு உலகம் முழுக்கக் கேட்டாங்க. அதே குடும்பத்தில் அடுத்த தலைமுறை எம்340ஐ, 2021-லிருந்து நம்ம செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் அசெம்பிள் ஆகுது. நின்ற இடத்திலிருந்து 5 வினாடிக்குள்ள 100 கி.மீ. வேகம். போர்ஷே 911-க்கும் 2011-ல் இதே மாற்றம், இதே கூச்சல். ஆனா அதே 911 வரிசையில் பின்னாடி வந்த ஜி.டி.3 கார்களோட எலக்ட்ரிக் ஸ்டியரிங்கைப் பாராட்டாத விமர்சகர் அபூர்வம். அதே மின்சாரம்தான், அதே மோட்டார்தான். எதை வடிகட்டணும், எதை விடணும்னு உட்கார்ந்து வேலை பார்த்திருக்காங்க. முன் சஸ்பென்ஷன், ரப்பர் புஷ், டயர் அகலம் எல்லாத்துக்கும் இதில் பங்கு இருக்கு.

எனக்குக் கோபம் வர்றது 'ஸ்போர்ட்' பட்டன் மேல. அழுத்தினதும் ஸ்டியரிங் கனமாகும். சேல்ஸ் பையன் "இப்போ ஃபீல் வந்துடுச்சு பாருங்க சார்"னு சொல்வான். பல கார்களில் மோட்டார் உதவியைக் குறைச்சிருக்காங்க, அவ்வளவுதான். மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்குன்னு வந்தவர் காலில் ரெண்டு கிலோ கட்டிவிட்டு "இப்போ தரை தெரியுதா?"ன்னு நான் கேட்டா எப்படி இருக்கும்? எடை வேற, செய்தி வேற. இன்னும் மோசம், டயர் பிடி விடப்போகும்போது எடை குறையும்னு மேலே சொன்னேனே, அந்தச் சின்னக் குறைவு இந்தச் செயற்கைக் கனத்துக்குள்ள காணாமப் போயிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரோடு ஒரு பக்கம் சாய்வா இருந்தாலோ, அலைன்மென்ட் கொஞ்சம் மாறினாலோ, ஒரு முன் டயரில் காத்து குறைஞ்சாலோ கார் அந்தப் பக்கம் இழுக்கும். பழைய கார்ல கை உடனே சொல்லும். இப்போ சில கார்களில் மென்பொருள் அந்த இழுப்பைக் கண்டுபிடிச்சு, மோட்டாரை வச்சே சரிக்கட்டிடுது. உங்களுக்கு எல்லாம் நேராவே போற மாதிரி இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலி இல்லாமலே ஹார்ட் அட்டாக் வந்துட்டுப் போறது எனக்கு ஞாபகம் வருது. இ.சி.ஜி. எடுத்தாத்தான் தெரியும்.

"அதான் ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி. எல்லாம் இருக்கே டாக்டர்?" இருக்கு, உயிரையும் காப்பாத்துது. அது இல்லாத காரை வாங்காதீங்க. ஆனா இ.எஸ்.பி. வேலை செய்றது வழுக்கல் ஆரம்பிச்ச பிறகு. ரோட்டில் இல்லாத பிடிமானத்தை அது உருவாக்கவும் முடியாது. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டினதை நாம பார்த்தோம். அந்த மாதிரி நாளில், தொப்பூர் இறக்கத்தில், வேகத்தைக் குறைக்கணும்ங்கிற எண்ணம் ஓட்டுறவர் மண்டையில் முதல்ல வரணும். அது கைவழியாத்தான் வரும்.

அறுவை சிகிச்சை அரங்கத்திலும் இதே சண்டை நடந்திருக்கு. டாவின்சி ரோபோவுக்கு 2000-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. கன்சோலில் உட்கார்ந்து ஓட்டுற சர்ஜனுக்குத் திசு மென்மையா இறுக்கமான்னு விரலில் தெரியாது, கண்ணால பார்த்தே யூகிக்கணும். இருபது வருஷத்துக்கும் மேல அப்படியே பழகினாங்க. 2024-ல் அனுமதி பெற்ற டாவின்சி 5-ல் தான் அந்த விசையை அளந்து சர்ஜன் கைக்குத் திருப்பி அனுப்புற கருவிகள் வந்தன. மின்சாரத்தாலேயே உணர்வைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். கொடுக்கணும்னு யாராவது கேட்கணும், காசு செலவழிக்கணும்.

அடுத்து வர்றது ஸ்டியர்-பை-வயர். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கம்பித்தண்டே வேலை செய்யாது, ஒயர் மட்டும்தான். 2013-ல் இன்ஃபினிட்டி க்யூ50-ல் ஆரம்பிச்சு, இப்போ டெஸ்லா சைபர்ட்ரக் வரைக்கும் வந்தாச்சு. அதில் உங்க கைக்கு வர்ற ஒவ்வொரு உணர்வும் யாரோ எழுதின மென்பொருள் தர்றது. 'ரோடு ஈரமா இருக்கு'ங்கிற செய்தி உங்களுக்குத் தேவையா இல்லையான்னு ஒரு அலுவலகத்தில் முடிவாகும். அவங்க சொகுசுக்குத்தான் மார்க் போடுவாங்கன்னா நமக்குச் சொகுசுதான் கிடைக்கும்.

அதனால டெஸ்ட் டிரைவ்ல மியூசிக் சிஸ்டத்தை அணைச்சுட்டு, பழகின ஒரு வளைவில் நிதானமா ஓட்டிப் பாருங்க. வளைய வளைய எடை சீரா ஏறுதா? கையை லேசாக்கினா தானா நேருக்கு வருதா? ரோட்டோர வெள்ளைப் பட்டை மேல ஒரு டயர் ஏறினது, கண்ணால பார்க்காம, விரலுக்குத் தெரியுதா? தெரியலைன்னா அதை ஷோரூம்ல வாய்விட்டுச் சொல்லுங்க. சன்ரூஃப் கேட்டு வாங்கத் தெரிஞ்ச நமக்கு இதையும் கேட்கத் தெரியணும்.

சர்க்கரை இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேர் நாம. மரத்துப்போறது முதல்ல பாதத்தில் ஆரம்பிக்கும், அந்தப் பாதம்தான் ஆக்சிலேட்டர்லயும் பிரேக்லயும் இருக்கு. கார் ஒரு பக்கம் மரத்து, கால் ஒரு பக்கம் மரத்தா நடுவில் என்ன மிஞ்சும்? வருஷத்துக்கு ஒரு தடவை பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் டெஸ்ட்டும், 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் டெஸ்ட்டும் பண்ணிக்குங்க. ஊசி கிடையாது, வலி கிடையாது, அஞ்சு நிமிஷ வேலை. பெடல் எங்கே இருக்குன்னு குனிஞ்சு பார்க்கிற நிலைமைன்னா, டெஸ்ட் வரைக்கும் காத்திருக்காம வண்டியை வேற யாராவது ஓட்டட்டும்.

காருக்கான டெஸ்ட் இன்னும் சுலபம். மாசம் ரெண்டு தடவை, வண்டி ஓடாம டயர் ஆறியிருக்கும்போது காத்து பாருங்க. டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. பங்க்ல கண்ணாடியை இறக்காமலே "நாலுக்கும் 35 போட்டுடு தம்பி"ன்னு சொல்லிட்டுக் கிளம்பாதீங்க.