வீட்டுச் சாவி யார் கையில்?

பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கு தானே எரிகிறது. மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கிறது. ஆபீசில் உட்கார்ந்தபடியே செல்போனைத் தட்டி, வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடிகிறது. அந்தக் கால ராஜாக்களின் அரண்மனையில்கூட இல்லாத வசதிகள் இன்று நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் புகுந்துவிட்டன. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்யும் வேலைக்காரனைப் போல் இக்கருவிகள் உழைக்கின்றன. இது பெரிய சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால், இந்த வேலைக்காரன் யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன்? வீட்டுக்காரரின் உத்தரவுக்கா, அவனை விற்ற கம்பெனியின் உத்தரவுக்கா? கடைகளில் விற்கும் இத்தகைய ஸ்விட்சுகளிலும் பல்புகளிலும் பெரும்பாலானவற்றின் உடல்தான் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மூளையோ பல ஆயிரம் மைலுக்கு அப்பால், கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. விரல் செல்போனைத் தொட்டதும் செய்தி அங்கே போகிறது. அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்த பிறகே கூடத்து விளக்கு எரிகிறது. அந்தக் கம்பெனி ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும்? இது வீண் கற்பனை அல்ல. பலமுறை நடந்து முடிந்த சங்கதி.

விலை கொடுத்தும் சொந்தமில்லை

அமெரிக்காவில் ‘ரிவால்வ்’ என்றொரு பெட்டி சுமார் 300 டாலருக்கு விற்கப்பட்டது. வெவ்வேறு கம்பெனிகள் செய்த விளக்கு, பூட்டு, சென்ஸார் முதலியவற்றையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நடத்துவது அதன் வேலை. 2014 அக்டோபரில் கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த ‘நெஸ்ட்’ கம்பெனி அதை வாங்கியது. 2016 மே 15-ம் தேதியோடு அப்பெட்டிக்கான சேவை நிறுத்தப்பட்டது. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. ஆயினும் அன்று முதல் அது மேஜைமேல் வைக்கும் பொம்மையாகிவிட்டது.

2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ என்ற அமெரிக்கக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுபோயின. சுவரிலிருந்த ஸ்விட்சைக் கையால் போட்டால் விளக்கு எரிந்தது. செல்போனிலிருந்து இட்ட கட்டளைகளுக்கோ பதில் இல்லை. பிறகு அதை உபயோகித்து வந்தவர்களிலேயே சிலர் பணம் திரட்டி, கம்பெனியின் சொத்துக்களை வாங்கி, ஜூன் மாதத்தில் மறுபடி நடத்தத் தொடங்கினார்கள். இத்தகைய அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

2025 அக்டோபர் 25-ம் தேதி முதல், நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு மாதிரிகளைச் செல்போன் மூலம் இயக்கும் வசதியை கூகுள் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் பெல்கின் கம்பெனி, தன்னுடைய ‘வீமோ’ கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-ம் தேதியோடு சேவை முடிவடையும் என்று அறிவித்தது. அவற்றில் ஆப்பிளின் ‘ஹோம்கிட்’ முறையில் முன்கூட்டியே இணைக்கப்பட்டவை மட்டும் தொடர்ந்து இயங்கும் என்றும் கூறியது. காரணம் எளிது. அந்த முறையில் உத்தரவு வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே முடிகிறது.

கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒருமுறை விலையை வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் சர்வருக்கும் சிப்பந்திகளுக்கும் செலவு செய்வது எந்த வியாபாரிக்கும் கட்டுபடியாகாது. எனவே மாதச் சந்தா கேட்கிறார்கள். அல்லது வாடிக்கையாளரின் நடமாட்டத் தகவல்களைக் கொண்டு லாபம் தேடுகிறார்கள். இரண்டும் முடியாவிட்டால் கடையைக் கட்டுகிறார்கள். தவறு, மூளையை வீட்டுக்கு வெளியே வைத்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

தாங்களே செய்துகொள்ளும் கூட்டம்

வீட்டுக் கருவிகளைத் தானியங்கியாக்கும் ஆசை புதியதல்ல. 1975-ம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி ‘எக்ஸ்-10’ என்ற முறையைக் கண்டது. வீட்டு மின்சாரக் கம்பி வழியாகவே சைகை அனுப்பி விளக்கை ஏற்றி அணைக்கும் முறை அது. அதற்கு சர்வரும் கிடையாது, சந்தாவும் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை இன்றைய வசதிகளோடு மீட்டுத் தருபவர்கள், கருவிகளைத் தாங்களே செய்துகொள்ளும் ஆர்வலர்கள்தான்.

அவர்களுக்கு வழி திறந்தது இத்தாலியின் இவ்ரியா நகரம். அங்கிருந்த வடிவமைப்புப் பள்ளி ஒன்றில் 2005-ம் ஆண்டு மாசிமோ பான்சியும் அவர் சகாக்களும் ‘ஆர்டுயினோ’ என்ற சிறு மின்னணுப் பலகையை உருவாக்கினார்கள். என்ஜினீயரிங் படிக்காத மாணவரும் எளிதில் கையாளத்தக்கது அது. அச்சமயம் அந்தப் பள்ளியே மூடப்படும் நிலையில் இருந்தது. தங்கள் உழைப்பு அதோடு புதைந்து போகக் கூடாது என்று கருதிய அவர்கள், பலகையின் வரைபடத்தை உலகுக்கே பகிரங்கமாகக் கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம், திருத்தலாம், விற்கலாம்.

2012 பிப்ரவரி 29-ம் தேதி இங்கிலாந்தில் ‘ராஸ்பெர்ரி பை’ என்னும் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் 35 டாலருக்கு வெளிவந்தது. 2014-ல் ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் கம்பெனி செய்த ‘ஈ.எஸ்.பி. 8266’ என்ற வைஃபை சிப், சில டாலர் விலையில் ஆர்வலர்களின் கைக்கு எட்டியது. அதன் விளக்கக் குறிப்புகள் முதலில் சீன மொழியில் மட்டுமே இருந்தன. பல நாட்டு ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்து ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு காலத்தில் ரேடியோப் பாகங்களைத் தேடி ஜனங்கள் அலைந்த சென்னை ரிச்சி தெருவில், இன்று இத்தகைய பலகைகளும் சென்ஸார்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

இவற்றை ஒன்றுசேர்க்கும் சாப்ட்வேர்களில் முதன்மையானது ‘ஹோம் அசிஸ்டென்ட்’. நெதர்லாந்துக்காரரான பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-ல் தம் வீட்டு விளக்குகளுக்காக எழுதத் தொடங்கியது அது. சாப்ட்வேர் எழுதுவோரின் பொது மேடையான ‘கிட்ஹப்’, 2024-ம் ஆண்டுக்கான தன் அறிக்கையில், மிக அதிகம் பேர் பங்களித்த திட்டமாக இதைக் குறிப்பிட்டது. எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்கிவிடாதபடி, அதே ஆண்டில் இது ஸ்விட்சர்லாந்திலுள்ள லாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளையின் வசம் ஒப்படைக்கப்பட்டது.

மேல்தொட்டி மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். தொட்டியில் ஒரு சென்ஸார் நீர்மட்டத்தை அளக்கிறது. அதனோடு இணைந்த சிப், அளவை வைஃபை வழியாக வீட்டு அலமாரியிலுள்ள சிறு கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ‘நிரம்பிவிட்டது, நிறுத்து’ என்று அது கட்டளையிட, மோட்டார் நிற்கிறது. இந்தப் பேச்சுவார்த்தை முழுதும் வீட்டு மதிலுக்குள் நடக்கிறது. இண்டர்நெட் அறுந்துபோனாலும் தொட்டி வழியாது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

நிற்க. தாமே செய்துகொள்வது எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லிவிட முடியாது. சிப் இயங்குவது 3.3 வோல்ட்டில், நம் நாட்டு வீடுகளில் பாய்வது 230 வோல்ட். இரண்டுக்கும் நடுவே ரிலே என்ற சிறு சாதனம்தான் மதில். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைப்போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதைத் தாங்காத மலிவான ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், எத்தனை முறை ‘நிறுத்து’ என்றாலும் மோட்டார் நிற்காது. அதற்கென்றே உள்ள காண்டாக்டரைப் பொருத்தவும், வயரிங்கைச் சரிபார்க்கவும், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனை நாடுவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது ஆபத்து வெளியிலிருந்து வருவது. 2016-ல் ‘மிராய்’ என்ற நாசகார சாப்ட்வேர், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களிலும் வீடியோப் பதிவுப் பெட்டிகளிலும் லட்சக்கணக்கில் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ம் தேதி அந்தப் படை ‘டின்’ என்ற அமெரிக்கக் கம்பெனியைத் தாக்கியபோது, பிரசித்தமான பல இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கடையில் வாங்கியதானாலும் கையால் செய்ததானாலும், பாஸ்வேர்டை மாற்றாத கருவி திருடனுக்குத் திறந்து வைத்த ஜன்னலே.

மூன்றாவது சங்கடம் குடும்பத்துக்குள் எழுவது. வீடு முழுவதும் கம்பியும் சிப்புமாக அமைத்த பிள்ளை வேலைக்காக வெளியூர் போய்விடுகிறான். ஒரு நாள் விளக்கு எரியவில்லை. என்ன செய்வதென்று வயதான பெற்றோருக்குத் தெரியவில்லை. கம்பெனியை நம்பியிருந்தது போய், பிள்ளையை நம்பியிருக்க வேண்டியதாகிறது. ஆகையால் எந்தத் தானியங்கி ஏற்பாட்டிலும் பழைய சுவர் ஸ்விட்ச் கையால் போட்டால் வேலை செய்ய வேண்டும். அமைத்த விதத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவும் வேண்டும்.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது?

அரசாங்கங்கள் இப்போதுதான் விழித்திருக்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-ம் தேதி அமலுக்கு வந்த சட்டம், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான பாஸ்வேர்டோடு கருவிகளை விற்பதைத் தடுத்தது. எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் அந்தக் காலம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது நிர்ணயிக்கவில்லை. ஐரோப்பிய யூனியனின் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11-ம் தேதி முதல் கட்டாயமாகின்றன. அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷன் அதிகாரிகள் 2024-ல் 184 பொருள்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 89 சதவிகிதத்துக்கு, சாப்ட்வேர் திருத்தம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்ற விவரத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிடவில்லை என்று கண்டார்கள். மருந்துப் பாட்டிலில் காலாவதித் தேதி போடாமல் விற்க யாரேனும் அனுமதிப்பார்களா?

இதற்கிடையில் ஆர்வலர்களைக் கவலைக்குள்ளாக்கிய செய்தி ஒன்று வந்தது. 2025 அக்டோபர் 7-ம் தேதி, அமெரிக்காவின் ராட்சத சிப் கம்பெனியான குவால்காம், ஆர்டுயினோவை வாங்கப்போவதாக அறிவித்தது. ஆர்டுயினோ தன் பெயரோடும் தனித்தன்மையோடும் தொடரும் என்றும் உறுதி கூறப்பட்டது. அந்த உறுதி எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். ஆனால் ரிவால்வ் பெட்டிக்கும் ஆர்டுயினோவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஏற்கெனவே பகிரங்கமாகிவிட்ட வரைபடங்களை யாரும் திரும்பப் பூட்டி வைக்க முடியாது. கம்பெனி கை மாறினாலும், அந்தப் பலகைகளை வேறொருவர் செய்து விற்பார்.

எல்லோரும் சாலிடரிங் இரும்பைக் கையில் எடுக்க வேண்டும் என்பதில்லை. சமையல் தெரியாதவரும் ஓட்டலில் உண்ணும்போது சாதம் வெந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்கிறார் அல்லவா? அவ்வளவு விவரம் இங்கேயும் போதும். கருவி வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். இண்டர்நெட் இல்லாமல் இது வேலை செய்யுமா? கம்பெனி மூடினால் இதை வேறு முறையில் இயக்க வழி உண்டா? எத்தனை ஆண்டுக்கு இதற்குத் திருத்தங்கள் கிடைக்கும்? தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பொருளைக் கடையிலேயே விட்டுவரலாம். ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டவர்கள், ஓர் ஞாயிற்றுக்கிழமை வைஃபை பெட்டியின் இண்டர்நெட் கம்பியை மட்டும் ஐந்து நிமிஷம் கழற்றி வைத்துப் பார்க்கட்டும். எந்த விளக்கு எரிகிறது, எது அடம் பிடிக்கிறது என்பதிலிருந்தே வீட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.