பந்தாடும் பெண்கள்

ஆனி மாதத்துப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவைக் கண்டவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகத்திலிருக்கும். பிக்ஷாடன மூர்த்தி வீதிவலம் வரும்பொழுது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்கும் ஜனங்கள் அவற்றைப் பிடிக்கிறார்கள். முந்தானையை விரித்துப் பிடிக்கும் பாட்டிமார் உண்டு. கூட்டத்துக்கு மேலே எழும்பி ஒற்றைக் கையால் பறித்துவிடும் பதினைந்து வயதுப் பெண்களும் உண்டு. "பெண்ணாய்ப் பிறந்தவள் இப்படித் துள்ளலாமா?" என்று அன்றைக்கு எவரும் கேட்பதில்லை. அம்மையாரின் பெயரால் நடக்கும் காரியமல்லவா?

மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்களில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. பன்னிரண்டு வயது வரையில் அரசலாற்றங்கரையில் மாமரம் ஏறியவள், கல்லெறிந்து காய் விழுத்தியவள், தம்பியின் பந்தைப் பிடுங்கி ஓடியவள், ஒரு நாள் திடீரென்று "பெரியவள்" ஆகிவிடுகிறாள். மஞ்சள் நீர் ஊற்றுகிறார்கள்; புட்டு சுற்றுகிறார்கள்; புதுப் பாவாடை வருகிறது; பந்து பரணுக்குப் போய்விடுகிறது. பந்து போனது பற்றி யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. ஒருவேளை அந்தப் பெண் விட்டிருக்கலாம்.

முற்காலத்தில் பந்தோடு பாடப் புஸ்தகமும் சேர்ந்தே பரணுக்குப் போயிற்று. 1929-ம் ஆண்டில் சாரதா சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. பெண்ணுக்குக் குறைந்தபட்ச விவாக வயது 14 என்று அது விதித்தது. அச்சட்டமும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத்தான். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்காலை அது கட்டுப்படுத்தவில்லை. ஒரே வாய்க்காலின் இக்கரையில் ஒரு சட்டம், அக்கரையில் வேறொரு சட்டம்! 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறிய பிறகே இந்த வேடிக்கை ஓய்ந்தது. இப்பொழுது தேசம் முழுவதும் வயது 18. ஆகவே பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு முந்தைய தலைமுறை அறியாத ஆறு வருஷங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த ஆறு வருஷங்களில் அவள் என்ன விளையாடுகிறாள் என்பதே நாம் எழுத வந்த விஷயம்.

பந்தாடுவது தமிழ்ப் பெண்ணுக்குப் புதிய பழக்கமென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிலப்பதிகாரத்தில் கந்துக வரி இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். டாக்டர் சாமிநாதையர் 1924-ல் பதிப்பித்துத் தந்த பெருங்கதையில் பந்தடிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி அமைந்திருக்கிறது. ஒவ்வொருத்தியும் எத்தனை கை அடித்தாள் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார் கொங்குவேளிர். இக்காலத்துப் பத்திரிகைகள் கிரிக்கெட் ஓட்டங்களை எண்ணுவதுபோல் அவர் எண்ணுகிறார். காவியம் பாடின புலவர்களுக்குப் பந்து ஆட்சேபகரமாகத் தோன்றவில்லை. ஆட்சேபம் நடுவிலே எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

நேயர்கள் பள்ளிக்கூட மைதானங்களில் காணும் கூடைப்பந்தின் கதை வேறு. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உபாத்தியாயர் பனிக் காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக இதைக் கற்பித்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். இரண்டு வருஷங்களுக்குள், 1893 டிசம்பரில், பாரிஸில் திரெவீஸ் வீதியிலுள்ள அதே சங்கத்தின் கூடத்தில் ஐரோப்பாவின் முதல் ஆட்டம் நடந்தது. சென்னையில் 1920-ல் அந்தச் சங்கத்தின் சார்பில் ஹாரி குரோ பக் என்பவர் தேகப் பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். அங்கே தேர்ந்த உபாத்தியாயர்கள் வெளியூர்களுக்குப் போய் விளையாட்டுகளைப் பரப்பினார்கள்.

பெண்கள் இவ்விளையாட்டைக் கைக்கொள்ள அதிக நாளாகவில்லை. ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் 1892-லேயே தம் மாணவிகளுக்கு இதைக் கற்பித்தார். ஆனால் விதிகளைச் சிறிது மாற்றினார். மைதானத்தை மூன்று பாகமாகப் பிரித்து, அவரவர் பாகத்தைவிட்டு அப்பால் போகக்கூடாதென்றார். எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது; மூன்று தடவைக்கு மேல் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. அதிகமாக ஓடினால் பெண்களின் தேகம் தாங்காது என்பது அக்காலத்து வைத்தியர்களின் துணிபு. ஆட்டம் பார்க்க ஆடவர்களுக்கு அனுமதியில்லை. 1896-ல் ஸ்டான்போர்டு, கலிபோர்னியா சர்வகலாசாலைகளின் பெண்கள் மோதியபோதும் அப்படித்தான். அந்த ஆட்டத்தில் ஸ்டான்போர்டு 2-க்கு 1 என்று ஜெயித்தது! ஆக, மேனாட்டார் தம் பெண்களை அவிழ்த்து விட்டுவிட்டார்கள், நாம்தான் கட்டி வைத்திருக்கிறோம் என்று பேசுவது பாதி உண்மைதான். அங்கேயும் முதலில் கோடு போட்டுத்தான் விட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாண்டானா மாகாணத்தில் போர்ட் ஷா என்ற ஊர். செவ்விந்தியக் குழந்தைகளுக்காக அரசாங்கம் அங்கே ஓர் உறைவிடப் பள்ளி நடத்திற்று. அதன் நோக்கம், அந்தக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கடித்து, வெள்ளைக்கார நாகரிகத்தில் வார்த்தெடுப்பது. அடிமைப்பட்ட தேசத்தார் அனைவருக்கும் பழக்கமான சரக்குத்தான். இதை நாம் விளக்கத் தேவையில்லை. அந்தப் பள்ளியில் பெண்கள் கூடைப்பந்து பயின்றார்கள். 1902, 1903-ம் ஆண்டுகளின் பருவத்தில் மாகாணத்திலிருந்த உயர்தரப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் எதிர்த்து ஆடத் தொடங்கினார்கள். சுற்று வட்டாரத்து நகரங்களில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் திரண்டது.

1904-ல் செயின்ட் லூயி நகரத்தில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. "நாகரிகமடைந்துவரும் இந்தியர்" எப்படியிருப்பார்கள் என்று காட்டுவதற்காக அங்கே ஒரு மாதிரிப் பள்ளிக்கூடம் கட்டி, இந்தப் பெண்கள் பத்துப் பேரையும் அதில் குடியேற்றினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் அவர்கள் பாடம் ஒப்பிக்க வேண்டும். மாண்டலின் வாசிக்க வேண்டும். அத்துடன் பந்தும் ஆட வேண்டும். கண்காட்சிப் பொருளாகக் கொண்டுவரப்பட்ட அந்தப் பெண்களை யாராலும் வெல்ல முடியவில்லை. கடைசியில் செயின்ட் லூயி நகரத்தின் தேர்ந்தெடுத்த வீராங்கனைகள் சவால் விட்டார்கள். அவர்களும் தோற்றார்கள். எம்மா சான்சேவர், மின்னி பர்ட்டன் முதலிய அந்தப் பெண்களுக்கு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. உலக வெற்றி வீராங்கனைகள் என்ற பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் 1910-ல் மூடப்பட்டது. அவர்களின் ஞாபகச் சின்னம் அவ்வூரில் எழும்ப நூறு வருஷம் பிடித்தது.

அந்தப் பெண்கள் வெற்றியால் விடுதலை பெற்றார்களா என்று கேட்டால், இல்லை. நிலம் திரும்பி வரவில்லை, மொழியும் திரும்பவில்லை. ஆயினும் தங்களைப் பொம்மைபோல் நிறுத்தி வைத்த இடத்திலேயே, நிறுத்தியவர்களின் விளையாட்டிலேயே, அவர்கள் ஜெயித்தார்கள். இதை நினைக்கும்போது நமக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாகிறது, மறைப்பானேன்?

இன்னொரு விஷயம், காவிரி டெல்டாக்காரர்களுக்கு அவசியமாய்த் தெரிய வேண்டியது. அமெரிக்காவின் நடுவிலுள்ள அயோவா மாகாணமும் நம் டெல்டாவைப்போல் முழு விவசாய பூமி. அங்கே நெல்லில்லை, சோளம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மாகாணத்தின் சிற்றூர்ப் பள்ளிகள் பெண்களின் கூடைப்பந்தைக் குலதெய்வத் திருவிழாபோல் போற்றின. மாகாணப் போட்டி 1920-ல் தொடங்கியது. ஐந்து வருஷத்தில், பெண்கள் ஜனக்கூட்டத்துக்கு முன் ஆடுவது தகாதென்று மாகாணப் பள்ளி விளையாட்டுச் சங்கம் போட்டியைக் கைகழுவப் பார்த்தது. பட்டணத்துப் பெரிய பள்ளிகள் தலையாட்டின. கிராமத்துப் பள்ளிகளோ பிரிந்து போய்ப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன. படித்த பட்டணத்தார் பின்வாங்க, கலப்பை பிடித்த கிராமத்தார் பெண்கள் பக்கம் நின்றார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அங்கே ஆட்டத்தின் முறையே தனி. ஒரு கட்சிக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் பந்து எறிவார்கள். மூவர் மறு பாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. இரண்டு தடவைதான் தட்டலாம். 1968-ன் இறுதி ஆட்டத்தில் யூனியன் விட்டன் பள்ளியும் எவர்லி பள்ளியும் மோதின. டெனிஸ் லாங் தனியாக 64 புள்ளிகள் எடுத்தாள். எதிர்க் கட்சியில் ஜெனட் ஓல்சன் 76 எடுத்தாள். எடுத்தும் அவள் பள்ளி தோற்றது. 113-க்கு 107 என்று, கூடுதல் நேரத்தில் முடிந்த ஆட்டம் அது. இரண்டுமே சின்னஞ்சிறு ஊர்கள். ஊரே பூட்டிக்கொண்டு தலைநகரமான டி மாயினுக்குக் கிளம்பிவிடுவது அங்கே வழக்கம்.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. தடுக்கும் பெண் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கூடையைப் பார்த்துப் பந்து எறிய மாட்டாள். எல்லோரும் ஐவராட்டம் ஆடும் கல்லூரிகளில் அவளுக்கு இடமேது? 1993-ல் அறுவராட்டம் முடிவு பெற்றது. அதே மாகாணத்தில் பிறந்த கெய்ட்லின் கிளார்க் 2024-ல் அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தில் ஆண் பெண் இரு பாலாரின் புள்ளிக் கணக்கையும் தாண்டினாள். மேற்படி சோளக்காட்டுப் பாட்டிமார் முக்கால் நூற்றாண்டு காலம் பண்படுத்திய மண்ணில் விளைந்த பயிர் அது என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டிலும் பயிர் இல்லாமலில்லை. சென்னையைச் சேர்ந்த ஸ்ரீமதி அனிதா பால்துரை பல வருஷங்கள் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை வகித்தார். தாயான பின்னரும் திரும்பி வந்து ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்து கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவுக்கே சென்று ஆடியிருக்கிறார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் நம் பெண்கள் கஸக்ஸ்தானை 75-க்கு 73 என்று வென்றார்கள். கடல் கடந்து இலங்கையில், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் தர்ஜினி சிவலிங்கம் கூடைப்பந்தின் தங்கையான வலைப்பந்தில் ஆசிய வெற்றி தேடித் தந்திருக்கிறார். அவரது உயரம் ஆறடிக்கு மேல் பத்தங்குலம். இவ்வளவு உயரமான பெண்ணை நம் ஊரில் கல்யாணச் சந்தையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

இவர்களெல்லாம் தனி மரங்கள். தோப்பு வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் பருவம் வேண்டும். பருவம் என்று நாம் சொல்வது வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கும் விளையாட்டு விழாவையன்று; அன்றைக்குச் சாக்குப் பந்தயமும் எலுமிச்சம்பழக் கரண்டியும் போதும். திருநள்ளாற்றுப் பெண்கள் காரைக்காலுக்கு வந்து ஆட, காரைக்கால் பெண்கள் பதினைந்து நாள் கழித்துத் தரங்கம்பாடிக்குப் போக, இன்ன தேதியில் இன்னாரோடு ஆட்டம் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட, தோற்றவர்கள் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்க, இப்படி நாலு மாதம் ஓடவேண்டும். தரங்கம்பாடி என்று சும்மா சொல்லவில்லை. சீகன்பால்கு பாதிரியார் 1707-ல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்த ஊர் அது. முந்நூறு வருஷத்துக்கு மேலாகப் பெண் படிக்கும் கடற்கரையில் பெண் பந்தாடுவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

தடைகள் எவையென்று எல்லோருக்கும் தெரியும். தேகப் பயிற்சி வகுப்பைக் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்குவார். கடன் திரும்பியதாகச் சரித்திரமில்லை. பத்தாம் வகுப்பு வந்தால் பொதுத் தேர்வு. மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்ணைத் தனியாக அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை. அந்தப் பயத்தை நாம் பரிகசிக்க மாட்டோம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்துத்தான் டெல்டாவில் ஒரு பெண்ணின் ஆட்டம் நிர்ணயமாகிறது. மாற்றுடை அணிய ஓர் அறை, சுத்தமான கழிப்பிடம், ஓர் ஆசிரியை கூட வருவது: இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பெற்றோர் சம்மதிப்பார்கள்.

இடத்துக்கும் பெரிய செலவில்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பத்தடி உயரத்தில் இரண்டு வளையங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளுமாதலால் காரைக்கால் பக்கத்துக்குத் தை முதல் சித்திரை வரையில் சரியான காலம். ஆனால் பரீட்சையும் அதே மாதங்களில்தான் வந்து நிற்கிறது. ஆகையால் ஆனியில் பள்ளி திறந்தவுடன் ஆரம்பித்து, மழைக்கு முன் புரட்டாசிக்குள் இறுதி ஆட்டத்தை முடித்துவிடுவதே உசிதம். மாங்கனித் திருவிழாவும் ஆனியிலேயே வருகிறது. பிடிக்கிற கைகளை உபாத்தியாயினிகள் அங்கேயே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.